மைக்கேல் ஷெங்கரை எந்தக் கதவு வழியாக உள்ளே விடப் போகிறீர்கள்?

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவினருக்கும், ஆண்டுதோறும் வாக்குச்சீட்டை நிரப்பி அனுப்பும் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும்,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் கிதார் கலைஞர் மைக்கேல் ஷெங்கரின் பெயர், ராக் இசையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் மண்டபத்தில் இன்னும் இல்லை. முதல் ஒலிப்பதிவு வெளியாகி 25 ஆண்டுகள் கழிந்தால் ஒருவர் தகுதி பெறுகிறார் என்பது நீங்களே வைத்த விதி. ஸ்கார்பியன்ஸ் குழுவின் முதல் ஆல்பமான 'லோன்சம் க்ரோ' 1972ல் வந்தது, அதில் லீட் கிதார் அவர்தான். கணக்குப் போட்டால் 1997லேயே அவருக்குத் தகுதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே பிறந்து, கிதார் கற்று, குழு ஆரம்பித்து, அந்தக் குழுக்களில் பல கலைந்தும் போய்விட்டன. அவர் எழுபது வயதைத் தொட்ட பிறகும் புது ஆல்பம் போடுகிறார், மேடை ஏறுகிறார். உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு அசைவும் இல்லை.

தமிழில் எழுதுவதற்குக் காரணம், என்னோடு சேர்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது உங்களுக்குப் பெரிய காரியம் இல்லை.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் குழுக்களை எண்ணுகிறீர்கள். குழுவின் பெயரை வாசலில் வைத்து, அது எத்தனை இசைத்தட்டு விற்றது, எத்தனை பாட்டு வானொலியில் ஓடியது என்று பார்த்து, அப்புறம் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று தேடுகிறீர்கள். இப்படிப் பார்த்தால் ஒரு குழுவுக்கு வந்து, அதன் ஒலியையே மாற்றிவிட்டு, உச்சத்தில் இருக்கும்போது கிளம்பிப் போய், இன்னொரு இடத்தில் அதையே மறுபடி செய்கிற ஒரு கிதார் கலைஞர் உங்கள் கண்ணில் படவே மாட்டார். ஸ்கார்பியன்ஸ் என்று பார்த்தால் அங்கே அவர் கொஞ்ச காலம்தான். பிரிட்டிஷ் குழுவான யு.எஃப்.ஓ. என்று பார்த்தால் அது அமெரிக்காவில் பெரிய ஹிட் அடித்த குழு இல்லை. தன் பெயரிலேயே அவர் நடத்திய எம்.எஸ்.ஜி. (மைக்கேல் ஷெங்கர் குரூப்) என்று பார்த்தால் ஆல்பத்துக்கு ஆல்பம் ஆள் மாறிக்கொண்டே இருந்த குழு. மூன்றையும் தனித்தனியாகத் தட்டிக்கழிக்க உங்களால் முடியும். மூன்றையும் சேர்த்து ஒரு மனிதரின் வேலையாக வைத்துப் பாருங்கள், அதைத்தான் கேட்கிறேன்.

முதலில் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1955 ஜனவரியில் ஜெர்மனியில், ஹனோவருக்குப் பக்கத்தில் உள்ள சார்ஸ்டெட் என்ற சிறு ஊரில் பிறந்தவர். அண்ணன் ருடால்ஃப் ஷெங்கர்தான் ஸ்கார்பியன்ஸை ஆரம்பித்தவர். தம்பியும் பாடகர் கிளாவுஸ் மைனேவும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் குழுவுக்கு ஒரு முகம் வந்தது. கோனி பிளாங்க் தயாரிப்பில் முதல் ஆல்பத்தை ஹம்பர்க்கில் பதிவு செய்தபோது மைக்கேலுக்கு வயது பதினாறு. அந்த ஆல்பம் இன்று கேட்டால் கொஞ்சம் திக்குத்தெரியாமல் அலையும், உண்மைதான். ஆனால் கிதார் பகுதிகளைத் தனியாகக் கவனித்தால் ஒரு பையன் தனக்கென்று ஒரு வழியைத் தேடிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்கும். அந்த வயதிலேயே மற்ற கிதார் கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டுப் பின்பற்றுவதை நிறுத்திவிட்டேன், எனக்குள் இருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன் என்று அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எல்லாக் கலைஞரும் இப்படி ஏதாவது சொல்வார்கள். இவர் விஷயத்தில் ஒலிப்பதிவுகளே அதற்குச் சாட்சி.

1973ல் லண்டனிலிருந்து யு.எஃப்.ஓ. ஜெர்மனிக்கு வந்தது, உடன் ஸ்கார்பியன்ஸ். யு.எஃப்.ஓ.வின் கிதார் கலைஞராக அப்போது இருந்த பெர்னி மார்ஸ்டனால் நிகழ்ச்சிக்கு வந்து சேர முடியவில்லை. தன் குழுவோடு வாசித்து முடித்த மைக்கேல் அவர்களுக்கும் கை கொடுத்தார். அவ்வளவுதான், உடனே எங்களோடு வந்துவிடு என்று கூப்பிட்டுவிட்டார்கள். பதினெட்டு வயது, ஆங்கிலம் சரியாகப் பேச வராது, பாடகர் ஃபில் மாக் என்ன சொல்கிறார் என்பதே பாதி நேரம் புரியாத நிலையில் லண்டனுக்குக் கிளம்பிப் போனார்.

அதுவரை யு.எஃப்.ஓ. நீண்ட விண்வெளிப் பாணி ஜாம்களை வாசித்துக்கொண்டிருந்த குழு. 1974ல் வந்த 'ஃபினாமினன்' ஆல்பத்தைப் போட்டுக் கேட்டால் அதே பெயரில் வேறொரு குழு வாசிப்பதுபோல் இருக்கும். 'டாக்டர் டாக்டர்', 'ராக் பாட்டம்' இரண்டும் அதில்தான். இரண்டுக்கும் மாக்குடன் சேர்ந்து ஷெங்கர் பெயரும் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத ஒருவர் பாட்டு எழுதுவது எப்படி என்றால், வார்த்தை மாக்குடையது, மற்றதெல்லாம் இவருடையது. 'டாக்டர் டாக்டர்' எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை உங்களில் அயர்ன் மெய்டன் நிகழ்ச்சிக்குப் போனவர்கள் சொல்வார்கள். மேடையில் விளக்கு அணைவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு ஓடும், அரங்கமே சேர்ந்து பாடும். உலகம் முழுக்க எத்தனையோ ஆண்டுகளாக இது நடக்கிறது. தங்கள் நிகழ்ச்சியின் வாசற்படியாக இன்னொருவர் பாட்டை ஒரு குழு வைத்துக்கொள்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

'ராக் பாட்டம்' பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேச அனுமதியுங்கள், ஏனென்றால் என் வழக்கின் முக்கியமான ஆதாரமே அந்தப் பாட்டுதான்.

ஆல்பத்தில் அது ஆறரை நிமிடம். ஆரம்ப ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி) முரட்டுத்தனமானது, அதை யாரும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். நடுவில் பாட்டு விலகிப்போய், பாஸும் டிரம்ஸும் ஒரே இடத்தில் நின்று ஓட ஆரம்பித்ததும் கிதார் தனியாகக் கிளம்புகிறது. முதலில் அவசரமே இல்லை. ஒரு நோட்டை எடுத்து, கம்பியை மெல்ல வளைத்து, அது போய்ச் சேர வேண்டிய சுருதியில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் விரலை ஆட்டி அதிர்வு கொடுக்கிறார். பல பேர் வளைக்கும்போதே ஆட்ட ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் சுருதி எங்கே நிற்கிறது என்றே தெரியாது. இவர் நிற்க வைத்துவிட்டுத்தான் ஆட்டுவார். நம் ஊர்ப் பாட்டில் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். அப்புறம் சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில், பதிலுக்கு இன்னொரு பதில். வேகம் கூடுவது நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது. கடைசியில் அவர் வேகமாக வாசிக்கும் இடத்துக்கு வரும்போது அந்த வேகம் தேவைப்பட்டுத்தான் வந்திருக்கிறது. சோலோவை முழுதாக முணுமுணுத்துக் காட்ட முடிகிற ரசிகர்கள் உண்டு, கிதார் வாசிக்கத் தெரியாதவர்களும் உட்பட. எத்தனை கிதார் சோலோவைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

அந்த ஒலி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது பரிந்துரைக் குழுவில் உள்ள இசைக்கலைஞர்களுக்கு. கையில் கிப்சன் ஃப்ளையிங் வி கிதார், பின்னால் மார்ஷல் ஆம்ப், காலடியில் ஒரு வா-வா பெடல். பெரும்பாலோர் அந்தப் பெடலை முன்னும் பின்னும் மிதித்து 'வா வா' என்று அழவைப்பார்கள். இவர் மெதுவாக மிதித்துக்கொண்டே போய், நடு அலைவரிசைகள் திடீரென்று புடைத்துக்கொண்டு வரும் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கேயே காலை நிறுத்திவிடுவார். பெடல் அதற்குப் பிறகு அசையாது. விளைவாக ஒலியில் அடித்தளமும் கூர்மையும் கொஞ்சம் விலகி, நடுவில் ஒரு குரல் நிற்கிறது, மனிதர் பாடுவதுபோல. இதைப் பிற்பாடு எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள். பெடலை எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது, காதுதான் சொல்ல வேண்டும். ஒரே பெடல், ஒரே ஆம்ப் வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஒலி ஏன் வரவில்லை என்று தவித்த பலரை எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் யு.எஃப்.ஓ.வில் அவர் இருந்த காலத்தில் ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்தன: 'ஃபினாமினன்', 'ஃபோர்ஸ் இட்', 'நோ ஹெவி பெட்டிங்', 'லைட்ஸ் அவுட்', 'அப்செஷன்'. 1974லிருந்து 1978 வரை, ஆண்டுக்கு ஒன்று. முதல் மூன்றையும் தயாரித்தவர் டென் இயர்ஸ் ஆஃப்டர் குழுவின் பாஸ் கலைஞர் லியோ லயன்ஸ், அடுத்த இரண்டும் ரான் நெவிசன். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'லைட்ஸ் அவுட்'. அதன் கடைசிப் பாட்டு 'லவ் டு லவ்' ஏழு நிமிடத்துக்கு மேல் போகும். கீபோர்டும் இசைக்கருவிக் குழுவும் சேர்ந்து எழுப்பும் அந்தப் பெரிய அமைப்புக்கு நடுவே கிதார் எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை இருபத்திரண்டு வயதில் ஒருவர் அறிந்து வைத்திருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். கடைசியில் சோலோ வரும்போது அதுவரை காத்திருந்ததற்கெல்லாம் கூலி கிடைத்துவிடுகிறது.

அப்புறம் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்'. 1978 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பதிவான இரட்டை நேரலை ஆல்பம். ஹார்ட் ராக் நேரலைப் பதிவுகளில் சிறந்தவை எவை என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் முதல் சில பெயர்களுக்குள் இது வந்துவிடும். அதில் 'ராக் பாட்டம்' பதினோரு நிமிடம். இந்த ஆல்பம் கடைக்கு வந்து மக்கள் வாங்கத் தொடங்கியபோது ஷெங்கர் குழுவிலேயே இல்லை, கிளம்பிவிட்டார். அதில் தேர்ந்தெடுத்த டேக்குகள் தன்னுடைய சிறந்த வாசிப்பு அல்ல என்று குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு! இதைவிடச் சிறந்தது வேறு இருந்தது என்றால் அதைக் கேட்க எனக்கும் ஆசைதான்.

இங்கேதான் நீங்கள் உங்கள் ஆட்சேபத்தை எடுத்து வைப்பீர்கள் என்று தெரியும். மனிதர் எந்த இடத்திலும் நிலைக்கவில்லையே. சரி, அதையும் மறைக்காமல் பேசுவோம். 1977ல் சுற்றுப்பயணத்துக்கு முன்னால் திடீரென்று காணாமல் போனார், பால் சாப்மன் வந்து இடத்தை நிரப்பினார். அடுத்த ஆண்டு குழுவிலிருந்தே விலகினார். 1979ல் அண்ணனின் குழுவுக்குத் திரும்பி 'லவ்டிரைவ்' ஆல்பத்தில் சில பாடல்களில் வாசித்தார், 'கோஸ்ட் டு கோஸ்ட்' என்ற அருமையான கருவியிசை உட்பட. அங்கேயும் பயணத்தின் நடுவிலேயே வெளியேறினார், மத்தியாஸ் யாப்ஸ் அந்த இடத்துக்கு நிரந்தரமாக வந்தார். மேடைப் பயமும் அதை அடக்கக் குடித்த மதுவும் தன்னை என்ன செய்தன என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவரோடு வேலை செய்வது எளிதாக இருந்திருக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காக அலுவலகம் போய் வந்ததற்காகவா உங்கள் மண்டபத்தில் இடம் கொடுக்கிறீர்கள்? உள்ளே இருப்பவர்களின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், போதும்.

ஒரு குழுவில் தங்காததுதான் குறை என்றால் எரிக் கிளாப்டனை என்ன செய்வது? யார்ட்பேர்ட்ஸில் ஒரு முறை, க்ரீமில் ஒரு முறை, தனியாக ஒரு முறை என்று 1992, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் மூன்று தடவை அவரை உள்ளே அழைத்தீர்கள். ஜெஃப் பெக்கை 1992ல் குழுவோடும் 2009ல் தனியாகவும் அழைத்தீர்கள். இரண்டும் சரியான முடிவுகள், எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. குழு குழுவாகப் போய் ஒவ்வொன்றிலும் தன் முத்திரையைப் பதித்துவிட்டுத் தன் பெயரில் தொடர்ந்தவர்கள் என்பதற்காகத்தானே? அதே அளவுகோலை ஜெர்மனியிலிருந்து வந்தவருக்கும் வையுங்கள்.

எம்.எஸ்.ஜி. காலத்தைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது அமெரிக்காவைவிட பிரிட்டனிலும் ஜப்பானிலும்தான் ஓடியது. 1980ல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் டீப் பர்ப்பிளின் ரோஜர் க்ளோவர். டிரம்ஸில் சைமன் ஃபிலிப்ஸ், கீபோர்டில் டான் ஏரி, பாடகராக அப்போது யாருக்கும் தெரியாத கேரி பார்டன். 'ஆர்ம்ட் அண்ட் ரெடி'யின் ரிஃப்பை வாசித்துப் பார்க்காத ஹார்ட் ராக் கிதார் மாணவர் அபூர்வம். ஆனால் அந்த ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 'இன்டு தி அரீனா'வில்தான். பாடகரே கிடையாது, இருந்தும் பாடல்போல் நினைவில் நிற்கும் கருவியிசை. வேகமாக விரல் ஓட்டிக் காட்டும் கருவியிசைகள் எண்பதுகளில் குவியல் குவியலாக வந்தன, அவற்றில் பாதி இன்று யாருக்கும் நினைவில்லை. இதில் ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதிக்கு வழிவிட்டு நகரும், மெட்டு மாறும்போது நமக்கு ஏமாற்றம் இருக்காது. அடுத்த ஆண்டே கோஸி பவல் டிரம்ஸுக்கு வர, டோக்கியோ புடோகானில் வாசித்ததை நேரலை ஆல்பமாக வெளியிட்டார்கள். 1982ல் கிரஹாம் பானட் பாடிய 'அஸால்ட் அட்டாக்', தயாரிப்பு மார்ட்டின் பர்ச். பானட்டின் தொண்டையும் ஷெங்கரின் கிதாரும் ஒன்றையொன்று துரத்தும் அந்த ஆல்பம் இன்னும் பெரிய அளவில் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம். எண்பதுகளின் பின்பாதியில் ராபின் மெக்காலியோடு சேர்ந்து போட்ட ஆல்பங்கள் காலத்துக்கேற்ற மெருகோடு இருக்கும், எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை, விட்டுவிடுகிறேன்.

இதற்கு நடுவில் வந்த அழைப்புகளையும் குறிப்பிட வேண்டும். 1979 வாக்கில் ஏரோஸ்மித் தன்னைக் கூப்பிட்டுப் பார்த்தது என்றும், 1982 மார்ச்சில் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் கிதார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் விமான விபத்தில் இறந்தபோது ஓஸி தன்னைத்தான் தொலைபேசியில் அழைத்தார் என்றும் ஷெங்கர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏரோஸ்மித்தை நீங்கள் 2001லும், ஓஸியைத் தனிக் கலைஞராக 2024லும் உள்ளே கொண்டுவந்தீர்கள். இரண்டில் ஏதாவது ஒன்றுக்குப் போயிருந்தால் பணமும் புகழும் தானாக வந்திருக்கும், உங்கள் வேலையும் சுலபமாகியிருக்கும். அவர் போகவில்லை. தன் சொந்த இசையை வாசிக்க வேண்டும் என்று சின்ன அரங்கங்களோடு இருந்துவிட்டார். அந்த முடிவுக்காக ஒருவருக்கு வரலாற்றில் இடம் குறைய வேண்டுமா?

ராண்டி ரோட்ஸ் பெயரை எடுத்ததால் சொல்கிறேன். 2021ல் அவருக்கு நீங்கள் இசைச் சிறப்பு விருது கொடுத்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். ஓஸியோடு அவர் வாசித்தது இரண்டே இரண்டு ஸ்டுடியோ ஆல்பம்தான், ஆனாலும் ஆல்ப எண்ணிக்கையைப் பார்க்காமல் அவர் கிதார் உலகத்தில் செய்த மாற்றத்தைப் பார்த்தீர்கள். ஆக, அந்தக் கதவு இருக்கிறது, திறக்கவும் செய்கிறது. 2000ல் அந்தப் பிரிவை ஆரம்பித்தபோது எல்விஸுக்குப் பின்னால் நின்ற ஸ்காட்டி மூருக்குக் கொடுத்தீர்கள், அடுத்த ஆண்டு ஜேம்ஸ் பர்ட்டனுக்கு. 2023ல் லிங்க் ரேயை இசைத் தாக்கத்துக்கான பிரிவில் சேர்த்தீர்கள். விற்பனைப் பட்டியல் சொல்லாததை மற்ற கிதார் கலைஞர்களின் விரல்கள் சொல்லும் என்று நீங்களே ஏற்றுக்கொண்ட தருணங்கள் இவை.

அந்த விரல்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்க நீங்கள் வெளியே எங்கேயும் போக வேண்டாம், உங்கள் மண்டபத்துக்குள்ளேயே கேளுங்கள். 2009ல் மெட்டாலிகாவோடு உள்ளே வந்த கிதார் கலைஞர் கிர்க் ஹாமெட் தன் வாசிப்பில் ஷெங்கரின் பங்கு என்ன என்பதை ஒளித்ததே இல்லை; 2018ல் வந்த மைக்கேல் ஷெங்கர் ஃபெஸ்ட்டின் 'ரெசரெக்‌ஷன்' ஆல்பத்தில் 'ஹார்ட் அண்ட் சோல்' பாட்டில் வந்து கூடவே வாசித்தார். அதே ஆல்பத்தில் ஷெங்கரோடு வெவ்வேறு காலத்தில் பாடிய பார்டன், பானட், மெக்காலி, டூகி ஒயிட் நான்கு பேரும் ஒன்றாகப் பாடினார்கள். ஒரு காலத்தில் சண்டையும் சச்சரவுமாகப் பிரிந்த குழுவில் பாடியவர்கள் திரும்பி வந்து ஒரே மைக்குக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றால் அந்த மனிதரைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது என்று அர்த்தம். 2024ல், 'ஃபினாமினன்' வந்து ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, யு.எஃப்.ஓ. பாடல்களை மறுபடி பதிவு செய்து 'மை இயர்ஸ் வித் யு.எஃப்.ஓ.' என்று வெளியிட்டார். 'லவ் டு லவ்'வைப் பாடியவர் ஆக்ஸல் ரோஸ். 'மதர் மேரி'யில் கிதாரோடு வந்தவர் ஸ்லாஷ். 2012ல் கன்ஸ் அன் ரோசஸை நீங்கள் கௌரவித்தபோது விழாவுக்கு வர மறுத்தவர் ஆக்ஸல் ரோஸ் என்பது உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். உங்கள் அழைப்புக்கு வராதவர் ஷெங்கரின் அழைப்புக்கு வந்து பாடிக் கொடுத்திருக்கிறார். குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இசைக்கலைஞர்களின் மனதில் அவருக்கு என்ன இடம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

'ஸ்கார்பியன்ஸையோ யு.எஃப்.ஓ.வையோ என்றாவது ஒருநாள் சேர்க்கும்போது இவரும் கூடவே வந்துவிடுவாரே' என்று உங்களில் யாராவது நினைக்கலாம். இரண்டு குழுக்களுமே தகுதியானவைதான், அவற்றைச் சேர்த்தால் நான் கொண்டாடுவேன். ஆனால் அதை நம்பி இவரைக் காக்கவைக்க முடியாது. குழுவைச் சேர்க்கும்போது எந்தெந்த உறுப்பினர் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். 2016ல் டீப் பர்ப்பிளைச் சேர்த்தபோது, 1994லிருந்து அதில் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் மோர்ஸை விட்டுவிட்டீர்கள். இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கே அந்தக் கதி. ஸ்கார்பியன்ஸில் முதல் ஆல்பமும், அப்புறம் ஒரு ஆல்பத்தில் சில பாடல்களும் மட்டும் வாசித்தவரை நீங்கள் மறக்காமல் சேர்ப்பீர்கள் என்று எந்த நம்பிக்கையில் இருப்பது? யு.எஃப்.ஓ.வைப் பொறுத்தவரை காலமும் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. கீபோர்டும் கிதாரும் வாசித்த பால் ரேமண்ட் 2019ல் போய்விட்டார். அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் போன்ற பாஸ் கலைஞர்களுக்கு ஆதர்சமாக இருந்த பீட் வே 2020ல் போய்விட்டார். அவர்கள் இரண்டு பேரும் எந்த விருதையும் வாங்கப் போவதில்லை. ராண்டி ரோட்ஸுக்கு விருது போனபோது அவர் இறந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன, லிங்க் ரேயும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இன்னொரு முறை அப்படி நடக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு ஆட்சேபம் பாக்கி இருக்கிறது, அதை ஷெங்கரே எழுப்பக்கூடும். புகழுக்காகவோ போட்டிக்காகவோ தான் வாசிக்கவில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறவர் அவர். நீங்கள் கொடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் கெடப் போவதில்லை. பிறகு நான் ஏன் மெனக்கெடுகிறேன்? இந்த மண்டபம் கலைஞர்களுக்கு மட்டுமானது இல்லை என்பதால்தான். 1995லிருந்து கிளீவ்லாந்தில் ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறீர்கள். அங்கே வந்து பார்க்கிற பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ அதைத்தான் ராக் இசையின் வரலாறு என்று நம்பிப் போகிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் இருந்த ப்ளூஸ் வழி ஹார்ட் ராக், எண்பதுகளின் மெட்டலாக எப்படி மாறியது, அந்த மெட்டலுக்குள் இனிமையான மெட்டு எங்கிருந்து நுழைந்தது என்று அவர்கள் கேட்டால் உங்கள் சுவரில் இன்று பதில் இல்லை. இடையில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் ஹாமெட் போன்றவர்கள் வளர்ந்தார்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. வரும் ஆண்டுக்கான கூட்டத்தில் மைக்கேல் ஷெங்கரின் பெயரை இசைச் சிறப்பு விருதுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்பியன்ஸ், யு.எஃப்.ஓ., எம்.எஸ்.ஜி., தனி ஆல்பங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே மனிதரின் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பாக வைத்து முடிவு செய்யுங்கள். கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்'டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வரும்படி யாராவது ஏற்பாடு செய்தால் விவாதத்துக்கு அதிக நேரம் ஆகாது. விழாவில் அவரை அறிமுகப்படுத்த ஹாமெட்டைக் கேளுங்கள், மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஷெங்கரிடம் நீண்ட உரை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மார்ஷல் ஆம்பும் பதினோரு நிமிடமும் கொடுங்கள். ஒளிபரப்புக்கு நீளமாக இருக்கிறது என்று அந்தப் பதினோரு நிமிடத்தை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ரசிகர்